நாலு மூலை

பிப்ரவரி 12, வியாழன்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் பெயரும் வேலையும் கேட்டிருந்தது. சங்கரவடிவு, எக்ஸ்ரே டெக்னீசியன், கேத் லேப் என்று ஜனவரியில் எழுதிவைத்ததோடு சரி. இன்றைக்குத்தான் பேனாவை எடுக்கிறேன், அதுவும் கால் வலிக்கிறது, உட்கார்ந்து செய்கிற வேலை வேறு எதுவும் இல்லை என்பதால்.

எக்ஸ்ரே மேலே படாமலிருக்கப் போடும் ஈயக் கோட்டைச் சுமந்துகொண்டு மூன்றேகால் மணி நேரம் நின்றேன், ஒரே ஆளுக்கு. பெயர் ஐயம்பெருமாள், அரசு பஸ் டிரைவர், வயது ஐம்பத்தெட்டு, எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. இதயக் குழாயில் முழு அடைப்பு. எக்ஸ்ரேயில் பார்த்துப் பார்த்துக் கம்பியை உள்ளே விட்டு அடைப்பைத் திறக்க வேண்டும். போன மாதம் ஒரு தடவை முயன்று கம்பி நுழையாமல் விட்டுவிட்டோம். இன்று டாக்டர் தேவசகாயம் விடவில்லை. ஒரே கோணத்தில் மெஷினை நிறுத்திவைத்துக்கொண்டு, "போகுது வடிவு, போகுது" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வழியாக நுழைத்துவிட்டார். பாவம், அவருக்கும் தோள்பட்டை வலி. கையைத் தூக்க முடியாது என்று மேசையை எப்போதும் தாழ்த்தித்தான் வைத்துக்கொள்வார். எக்ஸ்ரே குழாய் மேசைக்கு அடியில் இருக்கிறது. மேசை தாழ்ந்தால் ஆளின் முதுகு அதற்குப் பக்கத்தில் போய்விடும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஐந்து நிமிடம் எக்ஸ்ரே ஓடினால் மெஷின் மணியடிக்கும். நான் பொத்தானை அமுக்கி அடக்குவேன். இன்று பத்தொன்பது தடவை அமுக்கினேன்.

முடிவில் மெஷின் காட்டிய கதிர்வீச்சுக் கணக்கு 6.8 கிரே. ஐந்தைத் தாண்டினால் ரோஸ் சீட்டு கொடுக்க வேண்டும், முதுகுத் தோலைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்த ஜோரில் அந்தச் சீட்டை அச்சடித்து வைத்ததே நான்தான். எழுதினேன். அதற்குள் அடுத்த கேஸை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மூன்று நாள் துணி சேர்ந்துகிடந்தது. வாஷிங் மெஷினில் போடுவது அவர் வேலை, காயப்போடுவது என் வேலை. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் நாங்கள் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

"ஏட்டி, ஒன் பச்சை உடுப்புப் பையில என்னமோ கடுதாசி கெடக்கு. நனைஞ்சா எனக்குத்தான் ஏச்சு" என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டுப் போனார். மடித்த சீட்டு. டைரிக்குள் செருகிவைத்தேன். நாளைக்குப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

ஆறு கேஸ். நாளைக்கு.

பிப்ரவரி 24, செவ்வாய்

தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் நாலு நாளாக வரவில்லை. நம் ஊர் ஆற்றுத் தண்ணீருக்கு நாமே லாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

இன்று அந்த டிரைவர் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். நான் சாப்பிடப் போகிற அவசரத்தில் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். அவர் மனைவி முப்பிடாதி என்னை அடையாளம் கண்டுவிட்டாள்.

"சிஸ்டர், சிஸ்டர்! நல்லாருக்கியளா?"

நான் சிஸ்டர் இல்லை. இந்த ஆஸ்பத்திரியில் சேலை கட்டாத பொம்பளை எல்லாருமே சிஸ்டர்தான். திருத்தித் திருத்திச் சலித்துவிட்டது.

"நெஞ்சு நல்லாருக்கு சிஸ்டர். மாடிப்படி ஏறுதாவ, மூச்சு வாங்கல. ஒங்களுக்கெல்லாம் கோடிப் புண்ணியம். முதுகுலதான் அக்கி கண்டிருக்கு. செவசெவன்னு கெடந்துச்சு. மொதல்ல பஸ் சீட்டுச் சூடுன்னு விட்டுட்டோம். அவுகதான் டூட்டிக்கே போவலியே, எங்கேருந்து சூடு வரும்? பெறவு பானை வனையுத வேளாரக் கூட்டிட்டு வந்து அக்கி எழுதினோம். மூணு நாளு கோழி றெக்கையால காவி பூசினாரு. கேக்கல. மறுவாரம் கூப்பிட்டா வரமாட்டேன்னுட்டாரு."

"ஏன்?"

"இது அக்கி இல்ல தாயி, அக்கி நாலு மூலை வச்சு வராது, இது பெட்டி போட்டாப்புல இருக்குன்னாரு. அவரு கெடக்காரு. நானே காவிய வாங்கி ஒரச்சுப் பூசிட்டு இருக்கேன்."

டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்து உட்காரவில்லை. வெள்ளைச் சட்டையில் வலது தோள்பட்டைக்குக் கீழே காவி ஊறித் தெரிந்தது. டாக்டரிடம் காட்டச் சொன்னேன் என்று நினைக்கிறேன். கேன்டீனில் சாம்பார் சாதம் தீர்ந்துபோய், தயிர் சாதம்தான் கிடைத்தது.

மார்ச் 13, வெள்ளி

டாக்டர் தேவசகாயம் நேற்று ஈசிஜியைப் பார்த்தாராம், பிரஷர் பார்த்தாராம், மாத்திரை மாற்றினாராம். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லையாம். நான் சும்மாதான் கேட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

கேன்டீனில் தோல் பிரிவு நர்ஸ் ஷீபா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வாயை மூட வடையால்கூட முடியாது.

"யக்கா, ஒரு கேஸு வந்திருக்கு பாருங்க, பஸ் டிரைவரு. முதுகு பூரா காவி. வெள்ளிக்கிழமை வந்தாவ. அரை மணி நேரம் தொடச்சு எடுத்தேன். அடியில தோலு உரிஞ்சு நீரு வடியுது. ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாப்புல சதுரம் யக்கா! மெஹருன்னிசா டாக்டர் அந்தப் பொண்டாட்டிய வச்சு வாங்கிட்டாவ. என்ன மண்ணக் கொழச்சுப் பூசுன, அதான் பொசுக்கிருக்குன்னு. அந்தம்மா அங்கனயே உக்காந்து அழுதுட்டு. கூட வந்த நாத்தனா வேற ஆரம்பிச்சுட்டா."

"மருந்து குடுத்தாச்சா?"

"களிம்பு குடுத்துருக்கு. ஆனா டாக்டருக்குச் சந்தேகம். இந்த வெள்ளிக்கிழமை சதையக் கொஞ்சம் வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பப் போறாவ."

வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பசி இல்லை.

மார்ச் 25, புதன்

பிப்ரவரி 15ஆம் பக்கத்தைத் திருப்பினேன். ரோஸ் சீட்டு அங்கேயே இருக்கிறது. 'ஐயம்பெருமாள், பிப்ரவரி 12, 6.8 கிரே' என்று என் கையெழுத்தில். கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். என் வீட்டுக்காரர் மேசையில் வைத்தபோதே தெரியும். வராந்தாவில் முப்பிடாதி 'நாலு மூலை' என்று சொன்னாள். அப்போதும் தெரியும். இந்த டைரியிலாவது உண்மையை எழுதித் தொலைக்கிறேன்.

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஜனவரி எட்டாம் தேதி முயன்றபோது 4.1. ஐந்தைத் தாண்டாததால் அதற்குச் சீட்டு இல்லை. இரண்டும் ஒரே கோணம், ஒரே வலது முதுகு. ஐந்து வாரத்துக்குள் அந்த ஒரு பெட்டியளவு தோலில் கிட்டத்தட்ட பதினொன்று. தோலுக்குக் கூட்டத் தெரியும், நான்தான் கூட்டவில்லை.

வெந்த அந்தத் தோலில் கத்தி வைத்தால் வெட்டின இடம் மூடாது. பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு சின்ன வெட்டு, அது குழியாகி, வருஷக் கணக்கில் ஆறாமல் கிடந்த முதுகுகள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏன் இதையெல்லாம் காட்டுகிறார்கள் என்று அன்றைக்கு எரிச்சல்பட்டேன்.

சீட்டை எடுத்து உடுப்புப் பையில் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கிறது.

மார்ச் 26, வியாழன்

டாக்டர் தேவசகாயம் கை கழுவிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். குழாயை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீ எனக்கு நம்பரச் சொன்னியா வடிவு?"

"சொல்லல சார். மணியடிக்க அடிக்க அமுக்கிட்டே இருந்தேன்."

"நானும் கேக்கல." குழாயை மூடினார். "கம்பி போனதுதான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது. அந்த ஆளு பொழைச்சதும் அதனாலதான். இதை இப்ப எழுத்துல கொண்டுபோனா விசாரணை வைப்பாங்க. எனக்கு முன்னாடி உன்னத்தான் நிறுத்துவாங்க, தெரியும்லா?"

"தெரியும் சார்."

"நான் மெஹருன்னிசாட்டப் பேசிக்கிறேன். நீ போ."

மிரட்டவில்லை. அவர் மிரட்டுகிற ஆள் இல்லை. களைத்துப்போயிருந்தார், நானும்தான். அவர் பேசிக்கொள்வார் என்று வீட்டுக்கு வந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஒரு கட்டுக் கீரைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 27, வெள்ளி

காலையில் முதல் கேஸ் முடிந்ததும் கேட்டேன். "சார், மேடத்துட்டப் பேசிட்டியளா?"

"ஐயோ, ஸ்டென்ட் கம்பெனிக்காரங்க மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன். மத்தியானம்…"

மணி பத்தேகால். தோல் பிரிவுச் சின்ன ஆபரேஷன் பத்தரைக்கு. "அடுத்த கேஸுக்கு வேற ஆளக் கூப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஈயக் கோட்டைக் கழற்றவில்லை என்பதே இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியபோதுதான் தெரிந்தது.

டிரைவர் குப்புறப் படுத்திருந்தார். முதுகை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். இத்தனை வருஷம் முதுகு வழியாக எக்ஸ்ரே விட்டிருக்கிறேன், பிறகு ஒரு முதுகையும் திரும்பிப் பார்த்ததில்லை. வலது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம். எங்கள் மெஷினில் எக்ஸ்ரே வெளியே வருகிற சதுர ஜன்னல் அது. எத்தனை தடவை திரையில் பார்த்திருக்கிறேன், எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? நடுவில் தோல் கழன்று சிவந்து நீர் கசிந்தது.

டாக்டர் மெஹருன்னிசா மரத்துப்போகிற ஊசியைக் கையில் வைத்திருந்தார்.

"மேடம், வெட்டாதிய. இது எக்ஸ்ரேல வெந்த புண்ணு."

"யாரு நீங்க?"

"கேத் லேப் டெக்னீசியன். இவருக்கு மெஷின் போட்டது நான்தான். பிப்ரவரில ஆறு புள்ளி எட்டு. ஜனவரில நாலு புள்ளி ஒண்ணு. ரெண்டும் இதே எடம்."

ஊசியைத் தட்டில் வைத்தார். குனிந்து அந்தச் சதுரத்தின் ஓரத்தை விரல் படாமல் கூர்ந்து பார்த்தார். "அந்தக் காவி மட்டும் இல்லன்னா மொதல் நாளே இந்தக் கோட்டுக்குக் காரணம் கேட்டிருப்பேன். மூணு மாசத்துக்குள்ள என்ன சிகிச்சை செஞ்சிங்கன்னாவது கேட்டிருக்கணும். கேக்காம…" நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வெளிய இருக்கற அந்தம்மாவ எல்லார் முன்னாலயும் ஏசிட்டேனே."

"அவங்ககிட்ட நான் சொல்லுதேன் மேடம். நான்தான் சொல்லணும்."

முப்பிடாதி பெஞ்சில் புருஷனின் சட்டையை மடியில் மடித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரத்தில் முகம் பாதியாகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒங்க காவியால வரல. எங்க எக்ஸ்ரேயால வந்தது."

"எக்ஸ்ரேன்னா படம்லா சிஸ்டர் புடிப்பாவ?"

"படந்தான். அத ஒரே எடத்துல மணிக்கணக்கா விடாமப் புடிச்சா தோலு வெந்துரும். அன்னைக்கே தெரியாது, பத்துப் பதினஞ்சு நாளு கழிச்சுதான் தெரியும். உசுரக் காப்பாத்தத்தான் புடிச்சோம். ஆனா மேசையக் கொஞ்சம் ஒசத்திருக்கலாம், கோணத்த மாத்திருக்கலாம். அதவிட, ஒங்ககிட்டச் சொல்லிருக்கணும். எழுதிப் பையில வச்சுட்டு மறந்துட்டேன். பெறவு மறக்காமலே சும்மா இருந்துட்டேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் சட்டையை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"ஒரு வாரமா எங்க நாத்தனா எங்கையால பச்சத் தண்ணி குடிக்கல. புருசன் முதுகப் பொசுக்குனவன்னு தெரு பூராச் சொல்லிட்டா. நானும் ஆமான்னே நெனச்சுட்டேன். தூங்கும்போது அவுக மொனங்குனா, எங்கைய நானே பாத்துக்கிட்டு இருப்பேன்." என் பக்கம் திரும்பி, "அந்தச் சீட்டு இருக்கா?" என்றாள்.

கொடுத்தேன். திருப்பிக் கொடுத்தாள். "வாசிங்க. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும்."

வாசித்தேன். "உங்களுக்குச் செய்த சிகிச்சையில் எக்ஸ்ரே அதிக நேரம் பயன்படுத்தப்பட்டது. இரண்டு வாரம் கழித்து வீட்டில் உள்ளவரை முதுகைப் பார்க்கச் சொல்லவும். சிவப்பு, அரிப்பு, கொப்புளம் தெரிந்தால் எதையும் பூசாமல், சொறியாமல், கீழ்க்கண்ட எண்ணுக்குச் சொல்லவும். வேறு டாக்டரிடம் போனால் இந்தச் சீட்டைக் காட்டவும்."

"நான் பாத்தேன்லா" என்றாள். "பத்தாம் நாளே பாத்தேன், முதுகு தேய்க்கும்போது. பாக்காம ஒண்ணும் இருக்கல. யார்ட்டச் சொல்லன்னுதான் தெரியல. அதான் வேளார்ட்டச் சொன்னேன்."

 அவள் சீட்டின் அடியில் விரலை வைத்தாள்.

"இங்கன புள்ளி புள்ளியா ஓடுதே, இது என்னது?"

"போன் நம்பர் எழுதுத எடம்."

"ஒண்ணும் எழுதலியே."

எழுதவில்லை. அச்சடித்தபோது யார் நம்பரைப் போடுவது என்று தெரியவில்லை, அப்புறம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று புள்ளி வைத்துவிட்டேன். இரண்டு வருஷமாக நான் கொடுத்த ஒரு சீட்டிலும் நம்பர் கிடையாது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை, ஆகவே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

அங்கேயே என் சொந்த நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவள் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டர் என்றுகூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

மெமோ வந்துவிட்டது. 'எச்சரிக்கை மணியை அலட்சியம் செய்தது, நோயாளிக்குத் தகவல் தராதது.' இரண்டும் உண்மை, எதை மறுக்க? விசாரணையில் டாக்டர் தேவசகாயம் எழுந்து, "அமுக்கினது அவங்க, கேக்காதது நான். ரெண்டு பேரையும் சேத்து எழுதுங்க" என்றார். அவரிடம் இதை எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்து காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

டிரைவருக்கு மதுரையிலிருந்து பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரை வரவழைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆறினால் ஆறும், இல்லையென்றால் தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும், ஆறின மாதிரி இருந்தாலும் வருஷக் கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சீட்டில் சாய முடியாத ஆள் பஸ் ஓட்ட முடியாது. டிப்போவில் டிக்கெட் கட்டு எண்ணுகிற வேலை கொடுத்திருக்கிறார்களாம். முப்பத்தொரு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலை பத்து மணி. மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். போன்.

"முப்பிடாதி பேசுதேன். அப்படியே இருக்கு."

"சீழ் இருக்கா? வாடை…"

"இல்ல. சொல்லணும்னு போட்டிருக்குல்லா, அதான் சொல்லுதேன்." வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பத்து மணி. "அப்படியே இருக்கு." வைத்துவிட்டாள்.

"யாருட்டி அது, அலாரம் மாதிரி?" என்று அவர் கேட்டார். சொன்னேன். முழுதையும் சொன்னேன், பிப்ரவரி 15 உட்பட. கேட்டுவிட்டு, காயப்போடும் வேலையையும் அன்றைக்கு அவரே செய்தார்.

ஏப்ரல் 22, புதன்

தச்சரிடம் சொல்லிச் செய்த மரப்பலகை வந்தது. ஒரு சாண் உயரம். டாக்டர் அதன் மேல் ஏறி நின்றால் மேசையை உயர்த்தலாம், அவர் தோளும் வலிக்காது. இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றாத மகா கண்டுபிடிப்பு! "கோயில் சிலை மாதிரி நிக்க வச்சுட்டியே வடிவு" என்றார். நிற்கட்டும்.

இப்போதெல்லாம் மணியடித்தால் வாய்விட்டுச் சொல்கிறேன். "சார், ரெண்டு கிரே. சார், மூணு. கோணத்த மாத்துங்க." முதலில் எரிச்சல்பட்டார். இப்போது நான் வாயைத் திறப்பதற்குள் மெஷினைத் திருப்புகிறார். போன மாதம், முந்தின மாதக் கணக்கையும் கூட்டி ஒரே தாளில் எழுதுகிறேன். ரோஸ் சீட்டை வீட்டாரின் கையில் வைத்து, வாசித்துக் காட்டி, நம்பரையும் எழுதித் தருகிறேன். என் கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

மே 10, ஞாயிறு

பத்தாயிற்று. போன் இல்லை.

பத்தேகால். இட்லித் துணியை அலசினேன். எத்தனை கெட்டது நடக்கலாம் என்று மனது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. புண்ணில் காய்ச்சல் கண்டிருக்கலாம். குழி விழுந்திருக்கலாம். நாமே கூப்பிடலாம் என்று எடுத்தேன், வைத்தேன். எந்த முகத்தோடு கூப்பிட?

பத்து நாற்பதுக்கு அடித்தது.

"பஸ்ல இருந்தேன், சத்தத்துல பேச முடியல" என்றாள். "இன்னைக்குப் பாத்தேன். ஒரு மூலை மூடியிருக்கு."

"எந்த மூலை?"

"மேல, வலது பக்கம். புதுத் தோலு, ரோசு நெறமா." மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. "இன்னும் மூணு கெடக்கு."

வைத்துவிட்டாள். அலசின துணியையே இன்னொரு தடவை அலசிக் காயப்போட்டேன்.